வேலந்தாவளம் தையற்கடையும் 'நகர்ப்புற மேட்டுக்குடி'யும்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தன்பாலினத்தவரின் திருமண உரிமை குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முன் வந்தபோது, இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று ஒன்றிய அரசு தன் மனுவில் குறிப்பிட்டிருந்தது. அதைச் செய்தித்தாளில் படித்த அன்று எனக்கு டெல்லியும் பெங்களூரும் நினைவுக்கு வரவில்லை. கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் எங்கள் வேலந்தாவளம் சோதனைச்சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓட்டுக் கூரையின் கீழ் இரண்டு தையல் இயந்திரங்கள் அடுத்தடுத்துக் கிடந்த ஒரு கடைதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கடையில் இருந்த இருவரையும் ஊரார் பெரிய டைலர், சின்ன டைலர் என்றே அழைத்தார்கள். நானும் அந்தப் பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரியவர் துணி வெட்டுவார், சின்னவர் தைப்பார். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஓர் அடுப்பு. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்களில் இருவருக்கும் தலைநிமிர நேரம் இருக்காது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படி வாழ்ந்தார்கள். ஊருக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். கல்யாணம், காதுகுத்து என்றால் இருவருக்கும் சேர்த்து ஒரே பத்திரிகைதான் வைப்பார்கள்; உறையின் மேல் இரண்டு பெயரையும் எழுதுவார்கள். என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போது என் பரந்த மனதை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதே நான், டீக்கடை பெஞ்சில் அவர்களைப் பற்றி யாராவது ஜாடையாக ஒன்று சொன்னால் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தும் இருக்கிறேன்.

2019இல் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து, எல்லை தாண்டிக் கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டபோது சின்னவர் சற்றுத் தயங்கி, "பார்ட்னருங்க" என்றார். தொழிலில் கூட்டாளியெல்லாம் கையெழுத்துப் போட முடியாது, ரத்த சொந்தம் யாரையாவது வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உடன் போயிருந்த எனக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. உடுமலைப் பக்கத்திலிருந்து அண்ணன் மகன் வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. முன்னதாகவே கையெழுத்துக் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. மூன்றாம் நாள் இறந்துபோனார் என்பது மட்டும் தெரியும்.

உடலை அவருடைய சொந்த ஊருக்கு எடுத்துப் போனார்கள். சின்னவர் ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். இழவு வீட்டில் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை, நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து துக்கம் கேட்க வந்த மற்றவர்களோடு அவரும் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொள்ளி வைத்தது அண்ணன் மகன். கருமாதி முடிந்த பிறகு அந்தப் பையன் கடைக்கு வந்து, சித்தப்பா பெயரில் வாங்கியது என்று ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். ரசீது அவர் பெயரில் இருந்தது உண்மைதான். ஆனால் அத்தனை வருடமும் அதில் உட்கார்ந்து தைத்தவர் சின்னவர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரம், சீருடைத் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. பழகாத இயந்திரத்தில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினார்.

நம் பக்கத்து ஆட்கள் சகிப்புத்தன்மை உள்ளவர்கள், யாரையும் அடிப்பதில்லை, ஒதுக்குவதில்லை என்று என் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தலின் ஓரத்து நாற்காலிதான் கண்ணில் வருகிறது. நாம் தருகிற சகிப்பில் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: நீ இருந்துகொள், நாங்கள் கேட்க மாட்டோம், நீயும் சொல்லாதே. உடம்பு நன்றாக இருக்கும் வரை அந்த ஏற்பாடு இருதரப்புக்கும் சௌகரியமாகத்தான் இருக்கும். படிவத்தில் உறவு என்ற கட்டத்தை நிரப்ப வேண்டிய நாளில், இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தவனால் அன்றைக்கு மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

நம் அரசியலும் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. 2023 ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பகவத் ஒரு பேட்டியில், இத்தகையவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள் என்று சொல்லி, மகாபாரத ஜராசந்தனின் தளபதிகளான ஹம்சனும் டிம்பகனும் அத்தகைய உறவில் இருந்தவர்கள் என்று எடுத்துக்காட்டினார். இரண்டே மாதத்தில் அதே அமைப்பின் பொதுச்செயலாளர், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்றார். இருக்கலாம், கேட்கக் கூடாது. எதிர்த்தரப்பு மட்டும் வாய் நிறையப் பேசுகிறதா என்ன? 2024 மக்களவைத் தேர்தலுக்குக் காங்கிரஸ் வெளியிட்ட அறிக்கையில், விரிவான கலந்தாலோசனைக்குப் பிறகு இத்தகைய இணையரை அங்கீகரிக்கும் சட்டம் கொண்டுவரப்படும் என்ற வாக்குறுதி இருந்தது. இடதுசாரிகளின் அறிக்கையிலும் இதற்கு இடம் உண்டு. ஆனால் எங்கள் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மைக் கட்டி வந்த ஒரு வண்டியிலாவது, தமிழிலோ மலையாளத்திலோ, இதைப் பற்றி ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. கடந்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவரிடம் (என்னிடம் படித்தவர்தான்) நானே கேட்டுப் பார்த்தேன். "மாஷே, குடிதண்ணிப் பைப்பைப் பத்திக் கேளுங்க, பதில் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே படி இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் குடிதண்ணீரும் சின்ன விஷயமில்லை என்பதால் அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறக்குமதியானது, இத்தகைய உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுதான். மெக்காலே வரைந்து, 1860இல் இயற்றப்பட்டு, 1862இல் நடைமுறைக்கு வந்த வெள்ளைக்காரச் சட்டம் அது. 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இறுக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமாகாது என்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இந்தச் சமூகத்தினரிடமும் அவர்களுடைய குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில் என்னை உறுத்திய இடம் வேறு. இவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் மிக நுண்ணிய ஒரு பகுதி என்று அதில் சொல்லியிருந்தார்கள். கேரளத்தில் வாழும் தமிழன் எவனுக்கும் இந்த வாதம் பழக்கமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர், நூற்றுக்கு ஒன்றரைப் பேர். கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்த எங்கள் சித்தூர் தாலுகா 1956இல் கேரளத்தோடு நின்றுவிட்டது. குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவு இருப்பதால்தான் நான் தமிழ் வாத்தியாராக ஓய்வு பெற முடிந்தது. விண்ணப்பம் தமிழில் இல்லை, பெயர்ப்பலகை தமிழில் இல்லை என்று கேட்கப் போனால், 'உங்க ஆளுங்க எத்தனை பேர் இருக்கீங்க?' என்றுதான் முதல் கேள்வி வரும். தமிழனைக் கேலி செய்யும் 'பாண்டி' என்ற சொல்லைப் பஸ்ஸில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தலையை எண்ணி உரிமையை அளப்பது எவ்வளவு கசப்பானது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த ஒப்பீட்டை ஓரளவுக்கு மேல் இழுக்க எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தில் கேலிபட்டு வந்த தமிழ்ப் பிள்ளை, வீட்டு வாசலை மிதித்ததும் அம்மாவின் வாயிலிருந்து அதே தமிழைக் கேட்கும். அப்பாவும் அதே கேலியைப் பட்டவர், தாத்தாவும் பட்டவர். நான் இப்போது பேசுகிற பிள்ளைக்கு அந்த வாசல் கிடையாது. வெளியே கேட்ட அதே சொல்லை வீட்டுத் திண்ணையிலும் கேட்க வேண்டியிருக்கும், அதுவும் தன்னைப் பெற்றவர் வாயிலிருந்து. வீட்டிலேயே சிறுபான்மையாக இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

சொற்களைப் பற்றியும் ஒன்று. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று நாம் கூசாமல் எழுதுகிறோம். இருபத்தைந்து வருடம் ஓர் அடுப்பில் சமைத்து உண்டவர்களைப் படுக்கையை மட்டும் வைத்து அழைக்கும் சொல் அது. மலையாளத்தில் 'ஸ்வவர்கரதி' என்று எழுதியவர்கள் இப்போது 'ஸ்வவர்கானுராகம்' என்று எழுதப் பழகியிருக்கிறார்கள். தமிழிலும் 'தன்பாலீர்ப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய வழக்கு ஒன்று தன்னிடம் வந்தபோது, தனக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே 2021 ஜூனில் உத்தரவு பிறப்பித்தார்; 'மாற்றுகிறோம்' என்று சொல்லி நடத்தப்படும் சிகிச்சைகளைத் தடுக்கவும் மதிப்பான சொற்களைப் பயன்படுத்தவும் அதில் வழி பிறந்தது. ஒரு நீதிபதிக்கு இல்லாத கௌரவக் குறைச்சல், கற்றுக்கொள்வதில் நமக்கு மட்டும் ஏன் வர வேண்டும் என்று தெரியவில்லை.

2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு திருமண உரிமையை மறுத்து, அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டது. அடுத்த பிப்ரவரியில், விபத்தில் இறந்துபோன தன் துணைவரின் உடலைக் கேட்டு ஓர் ஆண் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. உடல் குடும்பத்தாரிடம்தான் போனது. தீர்ப்பையொட்டி அமைச்சரவைச் செயலர் தலைமையில் அமைந்த குழு கூடிய பிறகு, 2024 ஆகஸ்டு, செப்டம்பரில் சில சுற்றறிக்கைகள் வெளிவந்தன. இத்தகைய இணையர் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கலாம், ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதப்படலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம் என்பவை அவற்றில் சில. இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். அண்ணன் மகன் ஒருவன் உடுமலையில் இருந்தால் அது எதற்கும் உதவாது.

இருந்தாலும் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு சின்ன டைலரிடம் போனேன். கோவை மருத்துவமனையில் வாய் மூடி நின்றதற்கு ஏதோ ஒரு விதத்தில் ஈடு செய்வதாக நினைத்திருப்பேன் போலிருக்கிறது. அவர் கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். ரேஷன் அட்டை பற்றிய பகுதியை நான் படித்து முடிக்கும் வரை நூலை அறுக்காமல் காத்திருந்தார். கேரளத்தில் பிங்க் அட்டை முன்னுரிமை பெற்ற ஏழைக் குடும்பங்களுக்கு, வெள்ளை அட்டை முன்னுரிமை இல்லாதவர்களுக்கு. பிறகு கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அவருது பிங்க் கார்டுங்க மாஷே, என்னுது வெள்ளை. ரெண்டையும் ஒண்ணா சேர்த்திருந்தா அந்த பிங்க்கும் போயிருக்குமுங்களே" என்றார். சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையைத் திருப்பிப் போட்டார்.