கேட்டுவிட்டுச் செய்தால் குளம் வற்றிவிடுமா?

குளம் திருத்தும் திட்டம் என்று வந்து, ஊரைக் கேட்காமல், வியாழக்கிழமை வன்னியில் எங்கள் குளக்கட்டில் செய்ததை நான் மறுபடி விவரிக்கத் தேவையில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பெக்கோ இயந்திரம் எந்தப் பக்கத்தால் வந்தது, துருசுக்கு (வயலுக்கு நீர் திறக்கும் மதகுக்கு) கீழே நின்ற மருத மரங்கள் எப்படிச் சாய்ந்தன, ஐயனார் கல்லைத் தூக்கி எங்கே வைத்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. என்னால் பொறுக்க முடியாமல் போனது அதற்குப் பிறகு திட்டத்தரப்பிலிருந்து வந்த ஒரு பேச்சு. "அபிவிருத்தி வேண்டாம் என்றால் எழுதித் தாருங்கள், காசைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்." எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சியைப் பார்த்து, ஊரே சுற்றி நிற்க, சொன்ன பேச்சு அது.

ஆச்சி என்ன கேட்டார்? "தறிப்பதற்கு முன் எங்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். அவ்வளவுதான். வேலையை நிறுத்து என்று சொல்லவில்லை. குளம் திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குளத்துத் தண்ணீரில் காலபோகம் (மாரிகால நெல்) செய்து பிள்ளைகளை வளர்த்தவர், குளம் திருத்த வேண்டாம் என்று சொல்வாரா? முதலில் கேட்டிருக்கலாம் என்றார். நானும் அதையே சொல்கிறேன். முதலில் கேளுங்கள். இந்தப் பதிவில் இதைப் பல தடவை சொல்வேன். ஒரு தடவை சொன்னால் கேட்கிற காதுகளாக இருந்திருந்தால் ஆச்சிக்கு அந்தப் பதில் கிடைத்திருக்காது.

(காணொளியைப் பகிர்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆச்சியின் முகம் தெரிகிற பகுதியை நீக்கிவிடுங்கள். அதைப் போடலாமா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.)

இங்கே வேலை நடக்கும் முறை நமக்குத் தெரியும். மரம் ஓர் அலுவலகத்தின் கோவையில் இருக்கிறது. குளக்கட்டு இன்னோர் அலுவலகத்தின் கோவையில். ஐயனார் கல் எந்தக் கோவையிலும் இல்லை. மக்களுக்குத் தெரியப்படுத்துவது என்றால், எல்லாம் முடிந்தபின் மூன்று மொழியில் ஒரு பெயர்ப்பலகை. அதில் திட்டத்தின் பெயர், தொகை, திறந்துவைத்தவரின் பெயர். அந்தப் பலகையை நட்டால் தொடர்பாடல் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செய்தி மரங்கள் விழுவதற்கு முன் தேவைப்பட்டது.

நான் உயிரியல் படிப்பித்தவன். உயிரின் விருத்தி என்ற பாடத்தில் ஒவ்வொரு வருடமும் தவளையின் கண்ணைப் பற்றிச் சொல்வேன். 1901 இல் ஹான்ஸ் ஸ்பேமன் என்ற ஜேர்மானியர் ஒரு சோதனை செய்தார். தவளை முளையத்தில் (முட்டைக்குள் வளரும் கருவில்) மூளைப் பக்கமிருந்து ஒரு புடைப்பு வளர்ந்து வந்து தோலைத் தொடும். அந்த இடத்துத் தோல்தான் கண்வில்லையாக மாறும். மூளைப் பக்கத்தில் அந்தப் புடைப்பாக வளர வேண்டிய பகுதியை அவர் முன்பே அழித்துவிட்டார். அவர் ஆராய்ந்த அந்த இனத்தில் வில்லை உண்டாகவே இல்லை. தோல் அப்படியே இருந்தது. ஆனால் பக்கத்திலிருந்து வரவேண்டிய செய்தி வரவில்லை. தவளைக் குஞ்சின் கண்கூட அயலிலிருந்து செய்தி வந்தால்தான் கண்ணாகிறது. ஓர் ஊரின் குளத்தை மட்டும் அயலில் இருப்பவர்களோடு பேசாமல் எப்படித் திருத்துவீர்கள்?

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று சிலர் கேட்கிறீர்கள். சொல்கிறேன். துருசின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், பக்கத்துக் கிணறுகளுக்கும் உதவும், ஆனால் "இனிச் சிறுபோகத்துக்கும் (வெயில்கால நெல்லுக்கும்) தண்ணீர்" என்று மேடையில் வாக்குக் கொடுக்க முடியாது. இதை எங்கள் கமக்காரர் எவரும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அலைகரையை, அதாவது தண்ணீர் அலையடிக்கும் குள ஓரத்தை, செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு நேராக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விரால் மீன் ஆழத்தில் குஞ்சு வளர்ப்பதில்லை. கரையோரம், முழங்கால் தண்ணீரில், புல்லும் பாசியும் உள்ள இடத்தில்தான் கூடு வைக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும்போது தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்த ஆழமற்ற கரையே இப்போது இல்லை. எருமை இறங்கவும் சரிவு இல்லை. பிள்ளை ஒன்று தவறி விழுந்தால் கால் ஊன்ற நிலம் இல்லை. கட்டுக்குக் கீழே நின்ற மரங்கள் சும்மா நிற்கவில்லை. கட்டால் கசிந்து வருகிற நீரில் உப்பு இருக்கும். அது வயலுக்குப் போகுமுன் அந்த மரத்தோப்பும் புதரும்தான் உறிஞ்சித் தடுக்கும். மேற்புற அலைகரை மரங்கள் காற்றைத் தடுத்து, வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். உயிரியலும் வயலும் ஊரும் தனித்தனியாக எங்கே இருக்கின்றன?

பொறியியலாளர் ஒருவர், எனக்கு மிகவும் வேண்டியவர், பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார்: கட்டில் பெரிய மரம் நிற்கக்கூடாது, வேர் செத்து உக்கினால் அந்த வழியால் தண்ணீர் புகுந்து கட்டு உடையும் என்று. உண்மை. கட்டின் மேல் நின்ற மரத்துக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தறித்தவை கட்டின் மேல் நிற்கவில்லை. கீழே, வாய்க்கால் ஓரம் நின்றன. அதுவும் போக, இந்தக் காரணத்தை வியாழக்கிழமைக்கு முன் எங்களுக்குச் சொல்லியிருந்தால் நாங்கள் விளங்கிக்கொள்ளமாட்டோமா? கட்டு உடைந்தால் முதலில் தண்ணீர் வருவது எங்கள் வீட்டுக்குத்தான்.

அடுத்தது ஐயனார் கல். "இதற்கு வயது என்ன, தொல்பொருளா?" என்று ஒருவர் கேட்டாராம். இந்த நாட்டின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. எங்கள் கல்லை யார் எப்போது வைத்தார்கள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் அது வெறும் கல்லாகிவிடுமா? விதைப்புக்கு முன் ஊர் கூடிப் பொங்கல் வைக்கும் இடம் அது. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற பேச்சும் அங்கேதான் தொடங்கும். 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் இலங்கை உலர்வலயத்தின் தொடர்குளக் கிராம முறையை (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரும் குளங்களும் அவற்றைச் சார்ந்த ஊர்களும்) உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. குளத்தைத் தனியாக ஏற்கவில்லை. குளம், காடு, வயல், ஊர், ஊரின் வழக்கம் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தே ஏற்றது. அந்த நிறுவனம் இருக்கும் உரோமாபுரியில் உள்ளவர்களுக்கு விளங்கியது, இருபது நிமிடப் பயணத் தூரத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு விளங்கவில்லை.

மரபுரிமை என்று பேசவே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தொல்பொருள் இடங்கள் என்று சர்ச்சையான குருந்தூர்மலையும் வெடுக்குநாறி மலையும் செய்திகளில் அடிபட்டபின், வன்னியில் ஒரு பழைய கல்லைப் பற்றி வாய் திறக்கவே சனம் பயப்படுகிறது. சொன்னால் தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்கல் வந்துவிடுமோ என்ற பயம். சொல்லாமல் விட்டால் பெக்கோ வருகிறது. நாங்கள் எந்தப் பக்கம் போவது?

2010 இல், போர் முடிந்தபின் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது என் வீட்டு வளவு எது என்று எனக்கே தெரியவில்லை. சுவர் இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. ஆளுயரத்துக்குப் பற்றைக்காடு. அப்பாதான் குளக்கட்டில் ஏறி நின்று துருசடி மருதைப் பார்த்து, அதிலிருந்து கிழக்கே இத்தனை அடி நடந்தால் எங்கள் கிணறு என்று சொன்னார். அந்தக் கணக்கில்தான் நடந்தோம். கிணறு இருந்தது. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் அந்த மரத்தை வைத்தே தங்கள் காணியைக் கண்டுபிடித்தன. அப்பா இப்போது இல்லை. மரமும் இல்லை. அதை வெட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர்களை அனுப்பியவர்கள் ஒரு மாலை வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று எழுதியவருக்கு: ஆம், படுகிறேன். முகாமில் எங்களை எண்ணினார்கள், பதிந்தார்கள், படம் பிடித்தார்கள், படிவம் நிரப்பினார்கள். வீட்டுத்திட்டம் வந்தபோதும் எண்ணினார்கள். இத்தனை வருடத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். "ஓய்வூதியம் எடுக்கும் வாத்தியாருக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர் என் மாணவர். எனக்கு வலித்தது. ஆனாலும் சொல்கிறேன், எனக்குத் தெரியாது என்பதால்தான் தெரிந்தவர்களிடம் கேளுங்கள் என்கிறேன். "வருட முடிவுக்குள் செலவழிக்காவிட்டால் நிதி திரும்பிவிடும்" என்பதற்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. அது அவர்களுடைய நாட்காட்டி. நடைபாதையும் விளக்கும் வேண்டும் என்ற இளையவர்களே, எனக்கும் வேண்டும். என் பேத்தி மாலையில் குளக்கட்டில் நடக்க நானும் ஆசைப்படுகிறேன். நிழலில் நடக்கட்டும்.

கேட்காமல் தொடங்கினால் வேலை விரைவாக முடியும் என்று இன்னும் நம்புகிறவர்கள் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் என்ற திட்டம் வந்தபோது, தங்கள் நெல்லுக்கு என்ன ஆகும் என்று கிளிநொச்சி விவசாயிகள் கேட்டார்கள். அவர்கள் நம்பக்கூடிய பதில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வருடக்கணக்கில் இழுபட்டது. யாழ்ப்பாணத்தவருக்கும் வன்னியாருக்கும் இடையில் மனக்கசப்புத்தான் மிஞ்சியது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்குப் போனார்கள். தாகத்தில் நின்றவர்களும் எங்கள் சனம், வயலுக்குப் பயந்தவர்களும் எங்கள் சனம். அந்த இரண்டு சனத்தையும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டாமா?

இன்னொன்று. முன்கூட்டிச் சொல்வது ஆச்சிக்கு யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவைப் படியுங்கள். உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் திட்டத்தையும் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன், பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதன் தகவல்களைத் தெரிவிப்பது உரிய அமைச்சரின் கடமை. அவசரத் திட்டம் என்றாலும் ஒரு வாரம் முன் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தின் தொகை ஐந்து இலட்சத்துக்குப் பல மடங்கு மேலே. எங்களுக்கு எப்போது, யார், எப்படிச் சொன்னார்கள்?

அதைத்தான் எழுத்தில் கேட்கப் போகிறேன். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். திட்ட மதிப்பீடு, மரம் தறிக்கக் கொடுத்த அனுமதி, ஊர்க்கூட்டம் நடந்ததாகக் காட்டும் குறிப்பும் அதிலுள்ள கையொப்பங்களும் கேட்டிருக்கிறேன். ஏற்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கமக்காரர் அமைப்பிலிருந்தும் மாதர் சங்கத்திலிருந்தும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுத்தால் இன்னும் நல்லது, எழுத உதவி வேண்டுமானால் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள். வான் (குளம் நிரம்பி வழியும் இடம்) பக்கத்தில் நிற்கும் இலுப்பை மரங்களுக்கும் சிவப்பு மையால் அடையாளம் போட்டிருக்கிறார்கள். பதில் வரும்வரை அவற்றில் கை வைக்கக்கூடாது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.