கின்னஸ் தீவிபத்தில் பிறக்கவில்லை

இந்த வாரம் எல்லார் டைம்லைனிலும் ஓடுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். கின்னஸ் என்ற ஐரிஷ் பீர் நிறுவனத்தைத் தொடங்கிய ஆர்தர் கின்னஸின் கிடங்கில் தீப்பிடித்ததாம், பார்லி கருகியதாம், வீணாக்க மனசு வராமல் அதையே போட்டுக் காய்ச்சினாராம், கறுப்பு பீர் பிறந்ததாம். தப்பு என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில், "ஒரு பீருக்கு இவ்வளவு சீன் போடணுமா?" அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

அப்படி ஒரு தீவிபத்தில் ஸ்டவுட் என்ற அந்தக் கறுப்பு பீர் பிறக்கவில்லை. கின்னஸ் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1759 டிசம்பர் 31 அன்று டப்ளின் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் வருடம் 45 பவுண்டுக்கு அவர் 9,000 வருடக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டபோதே லண்டனில் போர்ட்டர் என்கிற கருநிற பீர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதில் காட்டமான வகைதான் ஸ்டவுட். ஆர்தர் முதலில் காய்ச்சி விற்றது ஏல் என்கிற வேறு வகை பீர். லண்டன் போர்ட்டர் கப்பலேறி வந்து டப்ளின் சந்தையைப் பிடிப்பதைப் பார்த்து 1770-களில் போர்ட்டருக்கு இறங்கினார். 1799-இல் ஏலை அடியோடு நிறுத்தினார். இருபது வருடம் யோசித்துச் செய்த வியாபாரம் அது.

சரி, தொழில்முறையாகவே பார்ப்போம். கருகிய பார்லியை மட்டும் வைத்து பீர் காய்ச்சவே முடியாது. ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்குவது முளைகட்டி இளஞ்சூட்டில் உலர்த்திய மால்ட்டில் இருக்கும் என்சைம். சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறும்போது அது வேலை செய்யும். கறுப்பாக வறுத்த தானியத்தில் என்சைம் உயிரோடு இருக்காது. அதனால்தான் ஸ்டவுட்டிலும் பெரும்பகுதி வெளிர் தானியம். கறுப்பு, பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

அந்த ஒரு பங்கை வறுப்பதுதான் கைவேலை. சுழலும் டிரம்மில் சூட்டை மெல்ல ஏற்றி 230 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும். 200-ஐத் தாண்டினால் தானியமே சூட்டைக் கக்க ஆரம்பிக்கும். அடுப்பைக் குறைத்தாலும் ஏறிக்கொண்டே போகும். வறுப்பவர் கொஞ்சம் எடுத்து வெட்டி உள்நிறம் பார்ப்பார், பதம் வந்ததும் தண்ணீர் தெளித்து நிறுத்துவார். முந்தினால் காப்பிக் கசப்பு வராது. பிந்தினால் டிரம்முக்குள்ளேயே தீப்பிடித்துக் கரிதான் மிஞ்சும். இந்தத் தொழிலில் தீ என்பது தோல்வி. அதைப் போய்ப் பிறந்த கதையாக்குகிறார்கள்!

அந்த டிரம்மும் கின்னஸுடையது இல்லை. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் காப்புரிமை வாங்கியது. காய்ச்சும் திரவத்தில் எவ்வளவு சத்து கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திமானி வந்தபிறகு, போர்ட்டருக்குப் போட்டுவந்த பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில் சத்து அதிகம் இறங்குவது கணக்கில் தெரிந்தது. வெளிர் மால்ட்டுக்கு மாறினால் நிறம் போச்சு. கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றுவதையும் 1816-இல் தடைசெய்துவிட்டார்கள். அந்த இக்கட்டுக்குத்தான் வீலரின் கறுப்பு மால்ட் விடை. முளைகட்டாத பார்லியைச் சேர்ப்பதோ மால்ட் வரி ஏய்ப்பாகக் கருதப்பட்ட குற்றம். 1880-இல் அந்த வரி போன பிறகுதான் வழி திறந்தது. ஆர்தர் 1803-லேயே இறந்துவிட்டார். இன்று கின்னஸின் அடையாளமாகச் சொல்லப்படும், முளைகட்டாமல் வறுத்த பார்லியை அவர் காலத்துச் சட்டம் அனுமதிக்கவே இல்லை.

"கதை சுவாரசியமா இருக்கே, விடுங்களேன்" என்கிறீர்கள். வரி, சட்டம், அடர்த்திமானி, ஒரு டிரம் எல்லாம் சேர்ந்து ஒரு பானத்தின் நிறத்தைத் தீர்மானித்தது உங்களுக்குச் சுவாரசியமாக இல்லையா? "குடிக்கு விளம்பரமா?" என்று கேட்பவர்களுக்கு: இதில் குடிக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறேன்? டப்ளினில் ஓடும் லிஃபி ஆற்றுத் தண்ணீரில் காய்ச்சுகிறார்கள் என்ற கதையும் பொய். தண்ணீர் விக்லோ மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. 9,000 வருடக் குத்தகையும் இப்போது நடப்பில் இல்லை, இடத்தையே வாங்கிவிட்டார்கள்.

உண்மையில் வலிப்பது வேறு. 1899-இல் இதே ஆலையில் வில்லியம் சீலி காசெட் என்ற வேதியியல் பட்டதாரி வேலைக்குச் சேர்ந்தார். பார்லி, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ ஆகியவற்றின் சோதனைகளில் கையில் கிடைப்பது நாலைந்து மாதிரிதான். அதை வைத்து எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட அப்போது சரியான வழி இல்லை. அவரே வழி கண்டுபிடித்து 1908-இல் வெளியிட்டார். சொந்தப் பெயரில் வெளியிட நிறுவனம் விடாததால் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில். புள்ளியியல் படித்த ஒவ்வொருவரும் போட்ட டி-டெஸ்ட் அதிலிருந்து வந்ததுதான். மருந்துச் சோதனை முதல் விதைச் சோதனை வரை இன்றும் ஓடுகிறது. நடக்காத தீவிபத்துக்கு இத்தனை ஷேர் போடுகிறவர்கள், வேலை செய்தும் பெயர் போட்டுக்கொள்ள முடியாத அந்த மனுஷனைப் பற்றி ஒரு வரி பகிர்ந்து நான் பார்த்ததில்லை.