மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

"பக்கத்துலதானே போறோம், மடியில வச்சுக்கறேன், குடு." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காரில் குழந்தை சிணுங்கினால் போதும், அதற்கென்று பொருத்திய குழந்தை சீட்டிலிருந்து தூக்கச் சொல்கிறார்கள். அழுகை நின்றுவிடும், சரி. வண்டி மோதி நின்றால்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது 10 கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. எவ்வளவு பாசம் இருந்தாலும் முடியாது. அதைவிடக் கொடுமை, பெரியவரின் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது. மோதினால் அவர் எடை மொத்தமும் அந்தப் பிஞ்சு உடம்பைத்தானே நசுக்கும்?

சீட் வாங்கியவர்களாவது ஒழுங்காகக் கட்டுகிறார்களா? தடித்த ஸ்வெட்டருக்கு மேலேயே வார். தோள்பக்கம் இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பாகக் கைக்குள் வருகிறது. அவ்வளவு தளர்வு! கால் இடிக்கிறதாம், அதனால் ஒரு வயதுகூட ஆகாத குழந்தையை முன்பக்கம் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதி, 15 மாதம் தாண்டும்வரை காரின் பின்பக்கம் பார்த்து, அதாவது பின்னோக்கித்தான் என்கிறது. கால் மடங்கினால் ஒன்றும் ஆகாது. தலை கனம், கழுத்து பிஞ்சு. இரண்டையும் தாங்கத்தான் அந்தச் சீட்டின் முதுகு இருக்கிறது.

அப்புறம், ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை வைப்பவர்கள்! கண்ணிமைக்கும் நேரத்தில் ஏர்பேக் விரிந்தால் குழந்தையின் தலைப்பக்கம்தான் அடிக்கும். வெயில் மறைக்கும் சன்வைசரிலேயே இப்படி வைக்காதே என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், ஒருவர்கூடவா பார்க்கவில்லை?

கேட்டால், "நாங்கெல்லாம் இப்படியா வளர்ந்தோம்?" வளராமலே போன குழந்தைகள் வந்து பதில் சொல்ல முடியாதே ஐயா!