காலி எடையை நம்பி வாங்காதீர்கள்

கேரவன் டிரெய்லர், அதாவது காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். காரின் இழுவைத் திறன் 1500 கிலோ என்றால் 1400 கிலோ டிரெய்லரைத் தாராளமாக மாட்டலாம் என்கிறது அது. அந்த 1400 காலி எடையா, சாமான் ஏற்றிய எடையா? காலி எடை என்றால் கணக்கு இடிக்கிறது. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ. சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் அதற்கு மேல்.

இன்னொன்றைக் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்க வகை டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கி) வழியாகக் காரின் பின்பக்கம் அழுத்தும். 1400 கிலோவுக்கு 140 முதல் 210 கிலோ, அதாவது டிக்கியில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி. இதுவும் கார் சுமக்கும் எடையில்தான் சேரும். உள்ளே ஏழு பேர், மேலே கேரியர் என்று கிளம்புவதுதானே நம் வழக்கம்! சரி, ஹிட்சில் அழுத்தும் இந்தச் சுமையைக் குறைக்கலாம் என்று சாமானை டிரெய்லரின் பின்னால் தள்ளினால் இன்னும் ஆபத்து, வேகத்தில் டிரெய்லர் வால் மாதிரி இருபுறமும் ஆட ஆரம்பித்துவிடும்.

பெங்களூரிலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக ஊருக்குப் போனால் 27 கொண்டை ஊசி வளைவுகள். டிரெய்லருக்கென்று தனி பிரேக் இல்லாமல் அதில் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். அப்புறம், எந்த டிரெய்லர் மாடல் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் கார் கையேட்டைத் திறந்து பாருங்கள். இங்கே விற்கும் பல கார்களுக்கு இழுவைத் திறன் என்று ஒன்று கொடுக்கப்பட்டிருக்கவே இருக்காது.