அம்மா நடுவில் இருந்தால் பையன் எப்படிப் பேசுவான்?
மனநல ஆலோசனை மையத்தில் சாய்தளமும் லிப்டும் இருந்தால் அது மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்குமான மையம் ஆகிவிடும் என்று ஒரு கட்டுரையில் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்செல்லாம் சைகையில்தான். வேலை போன பிறகு சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தவனை ஒரு ஆலோசகரிடம் கூட்டிப்போனோம், அவர் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டே கேள்வி கேட்டதால் உதட்டசைவைக்கூட இவனால் பார்க்க முடியவில்லை, அப்புறம் எல்லாக் கேள்வியும் அம்மா பக்கம் திரும்பிவிட்டது, அம்மா சைகையில் கேட்கக் கேட்க இவன் ஒன்றுமில்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். வாழவே பிடிக்கவில்லை என்பதைப் பெற்றவள் வாயால் எந்தப் பிள்ளை சொல்ல வைப்பான்? அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் எனக்குத்தான் எழுதினான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியையும் தொடர்பு முறையாக ஏற்கிறது. இரண்டும் நிஜமாக வேண்டுமென்றால், சொன்னதை வெளியே விடாத, வீட்டு ஆளாக இல்லாத சைகை மொழிபெயர்ப்பாளர் அந்த அறையில் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யலாமே என்கிறார். டெலிமானஸ் என்கிற அந்தத் தொலைபேசி ஆலோசனை நல்ல சேவை, சரி, இரவு பகல் பாராமல் எடுப்பார்கள், ஆனால் காது கேட்காதவனுக்குக் குரல் அழைப்பு எதற்கு ஆகும்? வீடியோவில் சைகை தெரிந்த ஆலோசகர் வர வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் அதற்குத் தகுந்தபடி நேரமும் ஒதுக்க வேண்டும், அதற்காகக் கட்டணத்தை ஏற்றக் கூடாது.