தாழை நார் வளையல்: நிறம் வந்தது எங்கிருந்து?

"ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்கள் பின்னும் நார் வளையல்களில் இருப்பது ரசாயனச் சாயம், இயற்கையில் இவ்வளவு அடர்ந்த நிறம் கிடையாது" என்ற தகவல் பரவுகிறது. இது தவறு.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் உள்ள பழங்குடியினர் நிலமான ஆர்னம்லாந்தில் தாழை இன மரத்தின் குருத்தோலையைப் பறித்து, முள்விளிம்பை நீக்கி, கையாலேயே மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். விரலைப் பதம் பார்க்கும் வேலை. பிறகு சாயம்: ஒரு புதர்ச்செடியின் வேரை நறுக்கி ஓலையோடு கொதிக்கவைத்தால் மஞ்சள். அதே பானையில் சாம்பல் சேர்த்தால் நிறம் சிவப்பை நோக்கித் திரும்பும். இன்னொரு செடியின் கிழங்கு அடர்சிவப்பு, பழுப்பு தரும்.

போலிகள் உண்டுதான். இந்தோனேசியாவில் தயாரான நினைவுப்பொருட்களைப் பழங்குடியினரின் கைவேலை போலக் காட்டி விற்ற நிறுவனத்துக்கு 2019இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்தக் குற்றத்தை அசல் நெசவாளர்கள் தலையில் கட்டுவது அநியாயம். வாங்குவோர் நிறத்தைப் பார்த்து முடிவுகட்டாமல், செய்தவர் பெயரையும் ஊரையும் கேளுங்கள். பழங்குடியினரே நடத்தும் கலை மையங்கள் அதைச் சொல்லியே விற்கின்றன.