பாண்டி பஜாருக்கு 40 கோடி, நம்ம தெருவுக்கு ஒரு கோட்டிங்

சென்னையில் தெருவைச் சீர்படுத்துவது பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் கடைசியில் தி.நகர் கடைத்தெருவான பாண்டி பஜாரில் வந்து நிற்கிறது. ஒரு தெருவுக்கு 40 கோடியா என்று ஒரு தரப்பு. எங்கள் ஏரியாவுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேருமே மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அங்கே நடைபாதை போடும் வேலை நடந்த காலம் முழுக்க சென்னையில் மாமன்றமே, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களின் சபையே, கிடையாது.

2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர் கையில்தான் எல்லாம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி செலவழித்து, 2019 நவம்பரில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அந்த நடைபாதை வளாகத்தைத் திறந்து வைத்தார். அதே சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு ஏறக்குறைய இன்னொரு 40 கோடி. இவ்வளவு பெரிய செலவை எழுந்து நின்று கேள்வி கேட்க மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஆதரித்துப் பேசவும் ஆள் இல்லை.

எனக்கு அந்த இடம் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக் கூட்டத்தில்கூட பஸ் உரசாமல் நடக்க முடிகிறது. வயதானவர்கள் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகிறார்கள். ஆனால் திறந்தபோது இருந்த பளபளப்பு எத்தனை நாளைக்கு? பெயர்ந்த கல், நடைபாதை மேலேயே ஏறி நிற்கும் பைக், ஆட்டம் காணும் கம்பம் எல்லாம் வந்தாயிற்று. கட்டுவதற்குக் காசு திட்டத்திலிருந்து வந்துவிடும். பராமரிக்கும் காசு நம் சொத்து வரியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு தெருவைப் போட்டபின் வருடா வருடம் அதற்கு என்ன ஆகும் என்ற கணக்கை யாரும் மேஜைமேல் வைப்பதில்லை. என் வருத்தமே அதுதான். 40 கோடி அதிகமா குறைவா என்பதெல்லாம் அப்புறம்.

சரி, 2022-இல் 200 உறுப்பினர்களோடு மாமன்றம் திரும்ப வந்ததே, இப்போது பேசுகிறார்களா? பேசுகிறார்கள். நேரமில்லா நேரத்தில் எழுந்து, என் வார்டில் விளக்கு எரியவில்லை, ரோடு போடவில்லை, அந்த மண்டலத்துக்கு மட்டும் நிதி போகிறது என்கிறார்கள். நியாயமான குறைகள்தான். ஆனால் எஸ்டிமேட்டுக்குள் கையை விட்டு, இந்த வேலைக்கு முன்னால் குடிநீர்க் குழாய் மாற்றியாயிற்றா, மின்வாரியம் கேபிள் போட்டு முடித்ததா என்று கேட்பவர் அரிது. தீர்மானங்கள் கட்டுக் கட்டாக நிறைவேறிவிடும்.

எங்கள் தெருவைப் பாருங்கள். மாம்பலம் பக்கம், இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அகலம். பழைய வீடு ஒன்றின் வாசலில் மூன்று படி இருந்தது. இப்போது ஒன்றரைப் படி. வீடு கீழே இறங்கவில்லை, ரோடு மேலே ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே கோட்டிங், அதன்மேல் இன்னொரு கோட்டிங். மேன்ஹோல் மூடியோ பள்ளத்துக்குள் கிடக்கிறது, இரவில் பைக்கில் வருபவருக்கு அதுதான் எமன். மழை வந்தால் தண்ணீர், வடிகாலுக்குப் போகும் வழியான ஓரத்து வண்டல் வடிகட்டித் தொட்டியைத் தேடுவதில்லை. தொட்டியின் வாயைத் தாரே பாதி மூடிவிட்டது, அதனால் நேராக ஹாலுக்குள் வருகிறது.

மில்லிங் செய்யாமல், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், ரோடு போடக் கூடாது என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு கண்டிப்பாக உத்தரவு போட்டார். உத்தரவு வந்ததும் நிறைய இடங்களில் சுரண்டினார்கள், மறுக்கவில்லை. எங்கள் தெருவிலும் சுரண்டினார்கள், நடுவில் மட்டும். இரண்டு ஓரமும் அப்படியே. போட்டு முடித்த தார் கறுப்பு மாறுவதற்குள் குழாய்க்காக ஒரு நீள வெட்டு. அதை மூடிய மண் அமுங்கிப் பள்ளமாகி, இப்போது அதற்கு ஒரு பேட்ச் வொர்க். ஒரே இடத்துக்கு மூன்று செலவு. மூன்றும் மூன்று தலைப்பில் வருவதால் யாருடைய கணக்கிலும் அது வீண் செலவாகத் தெரியாது.

2021 நவம்பர் மழையில் ஸ்மார்ட் சிட்டி பணம் கொட்டிய அதே தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். ஸ்மார்ட் சிட்டி வேலைகளைப் பற்றி அரசு, ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி டேவிதாரை வைத்து விசாரணையும் போட்டது. யார்மேல் தப்பு என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. மேலே கல் பதிக்கும் முன் கீழே தண்ணீர் போகும் வழியைப் பார்த்தோமா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்க ஒரு சபை இருந்திருந்தால், விசாரணை வரைக்கும் போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

வரியை ஏற்றும்போது மட்டும் சபை சுறுசுறுப்பாகிவிடுகிறது. 2022-இல் சொத்து வரி, வீட்டின் அளவைப் பொறுத்து, 150 சதவீதம் வரை ஏறியது. 2024 செப்டம்பரில் 6 சதவீத உயர்வுக்கும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நான் வரி கட்ட மாட்டேன் என்கிற ஆள் இல்லை. ரோடு வேண்டுமென்றால் காசு வேண்டும். ஆனால் கொடுத்த காசில் ஒரே தெருவை எத்தனை முறை தோண்டினார்கள் என்று கேட்கும் உரிமையும் அந்த ரசீதோடு வருகிறது இல்லையா?

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-லேயே தனிக் கொள்கை ஏற்றுக்கொண்ட மாநகராட்சி நம்முடையது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும்தான் முன்னுரிமை என்று எழுதியிருக்கிறார்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அது சாத்தியமில்லை, இடமே கிடையாது. அப்படியென்றால் ஒரு பக்கம் மட்டும் நடைபாதை, இன்னொரு பக்கம் பார்க்கிங் தடை என்று முடிவெடுக்க வேண்டும். காசு செலவில்லாத வேலைதான், ஆனால் கார் வைத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள். அதனால் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். தார் போட்டால் எல்லோருக்கும் சந்தோஷம், போட்டோவும் எடுக்கலாம்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ரோடு போடும் தீர்மானம் எது வந்தாலும், குடிநீர், கழிவுநீர், மின்சாரம் மூன்று தரப்பும் இனித் தோண்ட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட தாள் அதோடு இருக்க வேண்டும். முடிந்த ரோட்டின் மட்டம் வாசல் மட்டத்துக்கு எவ்வளவு கீழே என்று எஸ்டிமேட்டில் எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் எத்தனை வருடத்துக்குப் பொறுப்பு என்று தெரு முனையில் ஒரு பலகை. இது இல்லாமல் வந்தால் எங்கள் கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்கட்டும். ரோடு ஆறு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, நான் திட்ட மாட்டேன்.

2022 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து நகரங்களிலும், கிராம சபை மாதிரி, மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடத்துகிறார்கள். எங்கள் பகுதியில் வரும் ஆட்கள் குப்பை, நாய், கொசு பேசிவிட்டு டீ குடித்துக் கலைந்துவிடுகிறோம். உங்கள் வார்டில் யாராவது தெரு வேலையின் எஸ்டிமேட்டைக் கேட்டு, அதிகாரிகள் அதைக் காட்டியிருக்கிறார்களா? காட்டியிருந்தால் எப்படிக் கேட்டீர்கள், மனுவாகவா, வாய்மொழியாகவா என்று கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நானும் அதே மாதிரி கேட்கப் போகிறேன்.